விடை வாசல்

பியானோவின் வலது மிதியை அழுத்திப் பிடித்தால் உள்ளிருக்கும் தந்திகள் எல்லாம் கட்டு விட்டு நிற்கும். அந்த நேரத்தில் அறையில் யாராவது இருமினாலும், நாற்காலியை இழுத்தாலும், அதற்கு ஒத்த தந்தி எதுவோ அது தானாக முனகும். பிலிப்பா மேரட் மிதியை அழுத்தினாள். யாரும் இருமவில்லை. எந்த நாற்காலியும் நகரவில்லை. தந்திகள் முனகின. அதுவும் ஒன்றிரண்டு இல்லை, நடுப்பகுதியில் பாதிக்கு மேல். பல பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு ஒரே திசையில் நடந்து போனால் அடுத்த அறையில் எப்படிக் கேட்குமோ, அப்படி ஓர் இரைச்சல்.

காலை எடுத்தாள். இரைச்சல் நின்றது.

காற்றாக இருக்கும். இல்லாவிட்டால் சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாய். பியானோவுக்குச் சுதி சேர்த்துப் பிழைப்பவளுக்குப் பேய் பயம் வந்தால் அடுப்பு எரியாது. லிங்கன்ஷயர் வட்டாரத்தில் பாதிப் பியானோக்கள் இருட்டு மண்டபங்களிலும் சவக்குளிர் அடிக்கும் தேவாலயங்களிலும்தான் கிடக்கின்றன. பிலிப்பா தன்னைத் தானே அதட்டிக்கொண்டு, திருகுச் சாவியை எடுத்து வேலையைத் தொடர்ந்தாள்.

ஆல்டர்வெல் பெண்கள் பள்ளியின் பெரிய மண்டபம் அது. முந்தின நாள்தான் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போயிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வாசனை மட்டும் போகவில்லை: தரை மெழுகு, ஈரக் கம்பளி, வேகவைத்த முட்டைக்கோஸ், ஆரஞ்சுத் தோல். உயரத்தில் இருந்த ஈயச்சட்ட ஜன்னல்களில் டிசம்பர் வெளிச்சம் இப்போதே தேய்ந்துகொண்டிருந்தது. இங்கேதான் பிலிப்பா ஏழு வருடம் படித்தாள். இதே மண்டபத்தில்தான் தூங்கி வழிந்தாள், திட்டு வாங்கினாள், இதே பியானோவில் அபசுரமாக வாசித்து எல்லோரையும் சிரிக்க வைத்தாள். இன்று எல்லாப் பியானோவும் முடிந்து இது ஒன்றுதான் பாக்கி. ஆறு வயது மகள் ஹெட்டி சமையலறையில் மிஸஸ் டகெட்டோடு உட்கார்ந்திருந்தாள். இருட்டுவதற்குள் கிளம்பிவிடலாம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஹெட்டிக்கு அம்மாவும் அம்மாவுக்கு ஹெட்டியும்தான். தகப்பன்காரன் அபர்டீனில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தான்.

மறுபடி மிதியை அழுத்தினாள். அழுத்த வேண்டிய அவசியமே இல்லை.

முனகல்.

இந்தப் பள்ளிக்கு இரண்டு வாசல் உண்டு. கம்பளி வியாபாரம் செய்து சேர்த்த பணத்தில் இதை நிறுவிய ஆக்னஸ் தர்ல்பி என்ற விதவை, அறுபது அநாதைப் பெண்களுக்கு இடம் என்று எழுதி வைத்தாள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தெற்கே இருக்கும் குட்டிக் கதவு வரவு வாசல். புதிதாகச் சேரும் பெண், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அதன் வழியாக உள்ளே வருவாள். படிமேல் கண்ணை மூடி நின்று, பெயரைச் சொல்லி, இருட்டுக்குள் கையை நீட்ட வேண்டும். அவளுக்கு முன்னால் கடைசியாகச் சேர்ந்தவள் உள்ளேயிருந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வாள். வடக்கே இருப்பது விடை வாசல். படிப்பு முடிந்த நாளில் தலைமையாசிரியை அங்கே நின்று கை குலுக்கி, "நீ போகலாம்" என்று சொன்ன பிறகுதான் அதன் வழியாக வெளியேறலாம். நடுவில் உள்ள வருடங்களில் எல்லோருக்கும் சமையலறை முற்றத்து வழிதான். பணக்காரப் பிள்ளைகள் வந்து சேர்ந்து அநாதைகள் காணாமல் போன பிறகும் இந்த வழக்கம் மட்டும் போகவில்லை. பழைய மாணவிகள், இப்போது டாக்டரோ வக்கீலோ ஆகிவிட்டவர்கள்கூட, பள்ளியைப் பார்க்க வந்தால் மழையில் நனைந்துகொண்டு முற்றத்தைச் சுற்றித்தான் வருவார்கள். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் சுற்றித்தான் வருவார்கள்.

பிலிப்பா மதியம் சுற்றி வரவில்லை.

வண்டியை நிறுத்திய இடத்துக்கு எதிரிலேயே வரவு வாசல் காற்றோட்டத்துக்காகத் திறந்து கிடந்தது.

"அம்மா, இந்தக் கதவு ஏன் இவ்ளோ குட்டியா இருக்கு?"

"உன்னை மாதிரி வாண்டுங்க வர்ற கதவுடி, அதான்."

"நீயும் வாண்டா இருந்தியா? எப்படி வந்தே? செஞ்சு காட்டும்மா!"

"ஒரு தடவைதான் வரணும் ஹெட்டி. நான் வந்தாச்சு."

"சும்மா விளையாட்டுக்கு. ஒரே ஒரு வாட்டி. ப்ளீஸ்மா."

மகள் கேட்டு அவள் எதைத்தான் மறுத்தாள்? கால்களைச் சேர்த்துப் படிமேல் நின்று கண்ணை மூடினாள். "பிலிப்பா மேரட். வந்துட்டேன்!" என்று கணீரென்று சொல்லிக் கையை நீட்டினாள். உள்ளேயிருந்து ஒரு கை அவள் கையைப் பிடித்தது. சிறிய கை, காய்ந்த கை, குளிர்ந்த கை. ஒரே இழுப்பு. தடுமாறிச் சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தபோது நடையில் யாரும் இல்லை. மிஸஸ் டகெட் விளையாட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டாள். ஹெட்டியை மட்டும் முற்றத்தைச் சுற்றி வரச் சொன்னாள். அது ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. பழக்கதோஷம்.

மிஸஸ் டகெட் பள்ளியின் சமையல்காரி. விடுமுறையில் காவலும் அவள்தான். டீ குடிக்கும்போது பிலிப்பா அவளை வம்புக்கு இழுத்தாள்.

"கையப் புடிச்சு இழுத்துட்டு எங்க ஓடிட்டீங்க மிஸஸ் டகெட்? இந்த வயசுல என்னா வேகம்!"

"எந்தக் கைய?"

"என் கையதான். வரவு வாசல்ல."

"காலைலேருந்து நான் இந்த அடுப்பை விட்டு நகரலையே கண்ணு." மிஸஸ் டகெட் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ ஏன் அது வழியா வந்தே? விடை வாங்கிட்டுப் போனவதானே நீ?"

"குழந்தை கேட்டான்னு ஒரு விளையாட்டு. அதெல்லாம் பழங்கதை."

"பழங்கதையோ புதுக்கதையோ, கணக்கு அறுபது. ஒருத்தி உள்ள வந்தா ஒருத்தி வெளிய போகணும். அந்தக் காலத்துல தொண்டை அடைப்பான் வந்து செத்துச்சுங்களே புள்ளைங்க, அதுங்கள எப்படித் தூக்கிட்டுப் போனாங்க தெரியுமா? இதோ, இந்தச் சமையக்கட்டு வழியா. ராத்திரியோட ராத்திரியா. விடை வாசலைத் திறக்கவே இல்ல. ஒருத்தரும் அதுங்க கையைப் புடிச்சு 'நீ போகலாம்'னு சொல்லல."

"அப்போ அவங்கெல்லாம் எங்க இருக்காங்க?" என்றாள் ஹெட்டி.

"எங்கயும் இல்லடி தங்கம். நான் ஒரு லூசு, வாய்க்கு வந்ததை ஒளர்றேன். இந்தா, இன்னொரு கேக் சாப்பிடு." பிறகு பிலிப்பாவிடம் குரலைத் தாழ்த்தி, "கடைசிப் பியானோவை நாளைக்குப் பாத்துக்கலாமே. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பேன்" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணுதானே. இதோ முடிச்சிட்டு ஓடி வந்துடறேன்."

அந்த ஒன்றுதான் முடியமாட்டேன் என்கிறது. இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தாள். அதற்கேற்பத் தந்தியை முறுக்கினாள். சேர்ந்தது. அடுத்த தந்திக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் முதல் தந்தி இறங்கியிருந்தது. மறுபடி முறுக்கினாள். மறுபடி இறங்கியது. யாரோ பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகத் தளர்த்திவிடுவது போல. மண்டபத்தின் மறுகோடியில் பெஞ்சுகள் ஏற்கெனவே இருட்டுக்குள் போயிருந்தன. இருட்டு அங்கே வெறும் இருட்டாக இல்லை, பல உயரங்களில், வரிசையாக நின்றது. பிலிப்பா அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இனி அதை மறைத்து என்ன பயன்.

மிதியை அழுத்தி, உரக்கக் கேட்டாள்.

"யாரு?"

தந்திகள் பதில் சொல்லின. அவள் கேட்ட சொல் திரும்பி வந்திருந்தால் அது இயற்கை. எந்தப் பியானோவும் செய்யும். வந்தது அது இல்லை. நீண்ட ஒரு பெயர், சின்ன இடைவெளி, பிறகு குதூகலமாக ஏறி முடியும் ஒரு சொல். எழுத்து எதுவும் இல்லை, ஏற்ற இறக்கம் மட்டும். மதியம் வாசலில் அவளே சொன்னது. பிலிப்பா மேரட். வந்துட்டேன்.

கருவிகளைப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டாள். தன் கோட்டை எடுக்கத் திரும்பினாள். மதியம் அதைச் சுவர்க் கொக்கியில்தான் மாட்டினாள், வண்டிச் சாவி அதன் பையில்.

கோட்டு இல்லை.

அந்தக் கொக்கியில் சாம்பல் நிறக் கம்பளி அங்கி ஒன்று தொங்கியது. இப்போது யாரும் அணியாத, சுவரில் உள்ள பழைய படங்களில் மட்டும் அவள் பார்த்திருந்த அங்கி. சிறுமியின் அளவு. தொட்டுப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றியிருந்தார்கள்.

பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மண்டபத்தைத் தாண்டினால் நடை, நடையின் முடிவில் கல்படி, படி இறங்கினால் சமையலறைக் கதவு. கண்ணைக் கட்டிவிட்டாலும் போகத் தெரிந்த வழி. நடை நீண்டது. இவ்வளவு நீளமாக அது எப்போதும் இருந்ததில்லை. வெந்நீர்க் குழாய்கள் ஓய்ந்திருந்தன. வடக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு பெரிய கதவு, வருடத்தில் ஒரு நாள் மட்டும் திறக்கும் கதவு, துருப்பிடித்த கீலோடு கிறீச்சிட்டுத் திறந்தது. குளிர்காற்று அவள் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே ஒரு பெண்குரல், முதிர்ந்த, மரியாதையான, களைத்த குரல்.

"நீ போகலாம்."

கதவு மூடியது.

சமையலறைக் கதவுக்கடியில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. வானொலியில் கிறிஸ்துமஸ் பாட்டு. கூடவே ஹெட்டி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதும் பிலிப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கைப்பிடியைத் திருகினாள். திறக்கவில்லை. தோளால் முட்டினாள். கதவு சுவர் மாதிரி நின்றது. ஹெட்டி என்று கூப்பிட வாயைத் திறந்தபோது, உள்ளே முற்றத்துப் பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஹெட்டி. கிளம்பலாமா?"

பிலிப்பாவின் குரல். அவளுடைய அதே குரல், லேசாகக் கரகரப்போடு.

"வந்துட்டியா கண்ணு! அப்பாடா, இப்பதான் எனக்கு மூச்சே வருது" என்றாள் மிஸஸ் டகெட். "வேலை முடிஞ்சுதா? எங்க சுத்திட்டு வர்றே, முற்றம் வழியா?"

"போகலாம்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னாங்க?"

நாற்காலி தேயும் ஓசை. ஹெட்டி குதித்து இறங்கியிருப்பாள்.

"அம்மா, ஏன் என்னை அப்படிப் பாக்கறே?"

"குழந்தையப் பாத்து ரொம்ப நாளாச்சு."

"லூசு அம்மா!" ஹெட்டி சிரித்தாள்.

"கருவிப்பெட்டி எங்க கண்ணு?" மிஸஸ் டகெட்டின் குரல் மாறியிருந்தது. "பெட்டி இல்லாம நீ ஒரு எடத்துக்கும் போகமாட்டியே."

"வா ஹெட்டி."

கதவு திறந்து மூடியது. முற்றத்துக் கற்களில் இரண்டு ஜோடிக் காலடிகள்.

பிலிப்பா இரண்டு கைகளாலும் கதவைக் குத்தினாள். கத்தினாள். மிஸஸ் டகெட்! அது நான் இல்ல! அவளை நிறுத்துங்க! தொண்டை கிழியக் கத்தினாள். வெளியே வந்தது அந்தக் கத்தல் இல்லை. வீங்கிப்போன தொண்டையிலிருந்து ஒரு கீச்சல். சின்னப் பெண்ணின் கீச்சல். வாயில் அழுகலும் இனிப்புமாக ஒரு நாற்றம்.

வானொலி நின்றது. கதவுக்கடியில் வெளிச்சத்தை இரண்டு பாதங்களின் நிழல் மறைத்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷியின் மூச்சு. ஒரு விரல் தடிமன் மரம்தான் நடுவில்.

"யாரு?" மிஸஸ் டகெட் கிசுகிசுத்தாள்.

நான்தான். பிலிப்பா. நான்தான். கீச்சல்தான் வந்தது. விரல் நகங்களால் மரத்தைப் பிறாண்டினாள். திறங்க. திறங்க. தயவுசெஞ்சு.

அந்தப் பக்கம் மூச்சு தடைப்பட்டது. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது. மேலே ஒன்று. கீழே ஒன்று.

"மன்னிச்சுக்கோ தாயி." மிஸஸ் டகெட் அழுதுகொண்டிருந்தாள். "நீ யாரு பெத்த புள்ளையோ. என்னால ஆகாதும்மா. மத்த புள்ளைங்களோட போய் இரு. போ."

பாதங்களின் நிழல் விலகியது.

படிக்கட்டு. மேல்தளத் திருப்பத்தில் முற்றத்தைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. ஓடினாள். படிகள் உயரமாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் முழங்காலைத் தூக்க வேண்டியிருந்தது. காலைத் தட்டிவிட்டது ஏதோ துணி. குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறக் கம்பளி. அவள் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

சுவரோரம் அவர்கள் நின்றிருந்தார்கள். படிக்கு ஒருத்தி. சாம்பல் அங்கி, வெட்டிய முடி, வீங்கிய கழுத்து. யாரும் அவளைத் தொடவில்லை. வழி மறிக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள். எல்லா முகமும் ஜன்னலை நோக்கியே இருந்தது. பசியோடு.

ஜன்னல் விளிம்பு நெற்றிக்கு மேலே இருந்தது. நுனிக்காலில் எம்பினாள். கண்ணாடியில் மூச்சு படியவில்லை.

கீழே முற்றம், மங்கல் வெளிச்சம், அவளுடைய வெள்ளை வண்டி. அவளுடைய கோட்டு. அதற்குள் அவள். முன்கதவைத் திறந்து ஹெட்டியை உள்ளே ஏற்றினாள். சுற்றி வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிலிப்பாவுக்குப் புரிந்தது. உள்ளே இருப்பவள் வாழ்நாளில் குதிரை வண்டியைத் தவிர வேறெதையும் பார்க்காதவள். ஹெட்டியின் சின்னக் கை நீண்டு எதையோ காட்டிக்கொடுத்தது. சமத்துக் குழந்தை. அம்மா ஓட்டும்போது எல்லாவற்றையும் கவனிக்கும் குழந்தை.

வண்டி அலறியது. துள்ளியது. நின்றது. மறுபடி அலறியது.

வேண்டாம். இறங்கு. ஹெட்டி, இறங்கு.

கண்ணாடியை அடித்தாள். சத்தமே எழவில்லை. வண்டி கல்தொட்டியில் உரசி, விளக்குப் போடாமல், வாயில் தூணை நூலிழையில் தாண்டியது. வீட்டுக்குப் போகும் சாலை இடப்பக்கம். வலப்பக்கம் சதுப்பும், கடல் கரையணையும், அதற்கப்பால் தண்ணீரும்தான்.

வலப்பக்கம் திரும்பியது.

வண்டியின் பின்கண்ணாடி வழியே ஹெட்டி தெரிந்தாள். இருக்கையில் மண்டியிட்டுத் திரும்பி, உள்ளங்கைகளை இருக்கையின் முதுகில் பதித்திருந்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் ஜன்னலாகத் தேடி, இந்த ஜன்னலில் வந்து நின்றது அவள் பார்வை. நிற்பது யாரென்று தெரிந்துகொண்டாள். வாய் அகலமாகத் திறந்தது, அம்மா.

வண்டி இருட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு கை, அவசரமே இல்லாமல் நீண்டு, குழந்தையின் தலையைப் பிடித்து மெதுவாக முன்பக்கம் திருப்பியது.